இடம் விட்டு எழுதுங்கள்: வகுப்புக் குறிப்பைக் கணினியில் வரைந்து, பகிர்ந்து, மாணவர் கையால் நிரப்ப வைப்பது எப்படி?

சேலத்தில் ஒரு கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்கு நிலவியல் நடத்துகிறேன். எங்கள் வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் சேர்வராயன் மலை தெரியும். மேலே ஏற்காட்டில் அலுமினியத் தாதுவான பாக்சைட், அடிவாரத்தில் கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட், தென்மேற்கே கஞ்சமலையில் இரும்புத் தாது. பாடம் முழுக்கக் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் அந்த மலையின் குறுக்குவெட்டுப் படத்தை நான் போர்டில் வரைய ஐந்து நிமிடம் ஆகும், பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் வரைய இன்னும் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் நான் பேசியது எதுவும் யார் காதிலும் விழுந்திருக்காது. சரிவு கோணலாகிவிட்டதே, ரப்பர் யாரிடம் இருக்கிறது என்பதிலேயே கவனம் போய்விடும்.

ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். வரைகிற வேலை போனதோடு கையில் இருந்த பேனாவும் கீழே போய்விட்டது. கடைசி பெஞ்சில் தூக்கம். முழுக் குறிப்பையும் அச்சடித்துக் கொடுத்தபோது அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள், தேர்வுக்கு முந்தைய இரவுதான் வெளியே வந்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பாதி அச்சான, பாதி காலியான தாள். மலையின் சரிவுக்கோடு அச்சில் இருக்கும். பாக்சைட் எங்கே இருக்கிறது என்று நிழலிடுவது மாணவர் வேலை. வாக்கியம் அச்சில் இருக்கும். அதன் உயிரான சொல்லுக்குக் கோடு மட்டும் இருக்கும். 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று பள்ளியில் எல்லோரும் எழுதியதுதான். அங்கே அது பரீட்சை. இங்கே பாடம் நடக்கும்போதே ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நிரப்புகிறார்கள். நான் இதைக் கோடிட்ட குறிப்பு என்றுதான் சொல்கிறேன்.

கணினியில் வரைந்து பழக்கமே இல்லாத ஆசிரியரும் இரண்டு வாரத்தில் இதைக் கற்றுக்கொள்ளலாம். என் உதாரணங்கள் நிலவியலில் இருக்கும். நீங்கள் தாவரவியலோ கணிதமோ நடத்தினால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் பென்சில்

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு ஏ4 தாளை எடுத்து, அடுத்த வகுப்புக்கான குறிப்பை முழுதாக, விடைகளோடு கையால் எழுதுங்கள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, மாணவர் எழுத வேண்டியதை மட்டும் வட்டமிடுங்கள். இந்த முறையின் கடினமான பகுதி இதுதான். மற்றதெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

எதை வட்டமிடுவது? முதல் வருடம் கண்ணில் பட்ட கலைச்சொல்லை எல்லாம் நான் காலியாக்கினேன். ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு கோடுகள். வகுப்பு சொல்வதெழுதுதல் போல ஆகிவிட்டது. 'அடுத்தது என்ன மேடம், அடுத்தது என்ன மேடம்' என்று கேட்டுக் கேட்டு நிரப்பினார்கள், யாரும் யோசிக்கவில்லை. இப்போது நான்கே வகை இடங்களைத்தான் விடுகிறேன்: யோசித்தால் வரக்கூடிய சொல், கணக்கிட்டால் வரக்கூடிய எண், வரிசையாக வரைய வேண்டிய கோடு, 'ஏன்' என்ற கேள்விக்கான காரணம். வரையறைகளை முழுதாக அச்சடித்துவிடுகிறேன். ஒரு வரையறையைப் பார்த்து எழுதுவதால் மணிக்கட்டுக்குத்தான் வேலை.

எண்ணுக்கு ஒரு உதாரணம். மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். உலைகளின் உட்சுவருக்கான தீச்செங்கல்லுக்கு அதுதான் மூலப்பொருள். என் தாளில் அணு எடைகள் அச்சில் இருக்கும்: மெக்னீசியம் 24, கார்பன் 12, ஆக்சிஜன் 16. 'தூய மேக்னசைட் 100 கிலோ சுட்டால் மிஞ்சுவது: ______ கிலோ' என்று முடியும். கார்பனேட்டின் எடை 84, ஆக்சைடின் எடை 40. வகுத்துப் பார்த்தால் சுமார் 48 கிலோ. வெட்டி எடுத்த கல்லில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடுகிறது என்பதை ஒரு பெண் தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த நாளில் வகுப்பே ஒரு நிமிடம் நின்றது. அதே 48-ஐ நான் அச்சடித்துக் கொடுத்திருந்தால் அது இன்னொரு எண், அவ்வளவுதான்.

பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு இடம், ஒரு படம். ஒரு பாடவேளைக்கு ஒரே தாள், முன்னும் பின்னும். இதற்கு மேல் போனால் முடியாது. முடியாத தாளை மாணவர்கள் மதிக்க மாட்டார்கள்.

தமிழில் கோடு விடும்போது

ஆங்கிலக் குறிப்புகளைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'சேர்வராயன் மலையில் பாக்சைட் ______இல் கிடைக்கிறது' என்று ஒருமுறை அச்சடித்துவிட்டேன். எதிர்பார்த்த விடை 'உச்சி'. திருத்த வாங்கிப் பார்த்தால் பாதிப் பேர் 'உச்சிஇல்' என்று எழுதியிருந்தார்கள். சிலர் அச்சிலிருந்த 'இல்' மேலேயே பேனாவால் அடித்து 'உச்சியில்' ஆக்கியிருந்தார்கள். ஒரு பையன் எழுந்து, 'மேடம், இதுல இல்லுனு போட்டிருக்கே, நான் உச்சினு எழுதறதா உச்சியினு எழுதறதா?' என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். பாறையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் புணர்ச்சி விதியில் கழிந்தது.

ஆகவே கோட்டின் வாலில் எந்த உருபையும் ஒட்டாதீர்கள். வாக்கியத்தைத் திருப்பி, விடை தனியே நிற்கும்படி செய்யுங்கள். 'மலையில் பாக்சைட் கிடைக்கும் பகுதி: ______' என்றால் சிக்கல் இல்லை. அல்லது உருபையும் சேர்த்தே மாணவர் எழுதும்படி முழுச் சொல்லுக்கும் இடம் விடுங்கள். கோட்டுக்கு முந்தைய சொல்லையும் கவனியுங்கள். 'இந்தப்' என்று ஒற்று மிகுந்து நின்றால் விடை பகரத்தில் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் குறிகளும் உண்டு. 7 மில்லிமீட்டர் இடைவெளியில் 'கூட்டுறவு' என்று எழுதச் சொன்னால் அடுத்த வரியில் போய் இடிக்கும். நான் 10 மில்லிமீட்டர் விடுகிறேன். கோட்டின் நீளம் 6 சென்டிமீட்டர். 'உருமாறிய பாறை' என்று கையால் எழுத அது போதும். விடை சிறிதோ பெரிதோ, எல்லாக் கோடும் ஒரே நீளம். சிறிய கோடு விட்டால் சிறிய சொல் என்று ஊகித்துவிடுவார்கள்.

கருவிகள்

மூன்று மென்பொருள்கள். மூன்றும் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும்.

எழுத்துப் பகுதிக்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர். படத்துக்கு இங்க்ஸ்கேப். வகுப்பில் திரையில் எழுதுவதற்கு ஸர்னல் பிளஸ் பிளஸ். 'ஜர்னல்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை எக்ஸ் ஆக்கித் தேடினால் கிடைக்கும். பிடிஎஃப் மேல் பேனாவால் எழுதுவதற்கென்றே செய்தது, லேசானது, பழைய மடிக்கணினியிலும் ஓடும். க்ரிட்டா பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஓவியத்துக்கு அது அருமையான மென்பொருள். ஆனால் ஒரு ஃபைலுக்கு ஒரு சித்திரம் என்ற கணக்கில் இயங்குவது; பல பக்கக் குறிப்புக்கு அதைக் கட்டி இழுக்க வேண்டாம்.

கையில் ஒரு பென் டேப்லெட் (கணினியோடு இணைத்துப் பேனாவால் எழுதும் பலகை) இருந்தால் நல்லது. வாக்கோம், ஹூயான், எக்ஸ்பி-பென் என்று பல கம்பெனிகள் விற்கின்றன. திரை இல்லாத சிறிய பலகையே போதும். முதல் வாரம் கை ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலும் இருப்பது சங்கடமாகத்தான் இருக்கும். தினமும் கால் மணி நேரம் உங்கள் பெயரையும் 'ணூ', 'ஞை' போன்ற சுற்றுள்ள எழுத்துகளையும் எழுதிப் பாருங்கள், படிந்துவிடும். டேப்லெட் வாங்க வசதியில்லை என்றால் இந்த முறையையே விட்டுவிட வேண்டாம். அச்சுத் தாளை மௌஸாலேயே தயாரிக்கலாம். வகுப்பில் வழக்கம்போல போர்டில் நிரப்பிக் காட்டலாம்.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் அது உள்ளுக்குள் ஆங்கில எழுத்துதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத எழுத்துக் குவியலாக வரும், பிடிஎஃப் ஆக்கினாலும் தமிழில் தேட முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது, ஜெராக்ஸிலும் தெளிவாக விழுகிறது.

படம்: ஒரே ஃபைல், மூன்று லேயர்

இங்க்ஸ்கேப்பைத் திறந்து லேயர் பலகையை வரவழையுங்கள் (கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்). லேயர் என்பது கண்ணாடித் தாள் போல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், வேண்டாததை மறைக்கலாம். மூன்று லேயர் போட்டு 'உருவம்', 'அச்சுப் பெயர்', 'விடை' என்று பெயரிடுங்கள்.

உருவ லேயரில் மாணவர் பார்த்து வரைந்து நேரத்தை வீணாக்கும் கோடுகள் மட்டும் வர வேண்டும். என் சேர்வராயன் படத்தில் அது ஒரு சரிவுக்கோடும் இடப்பக்கத்தில் ஒரு உயர அளவுகோலும்தான். கீழே சேலம் சமவெளி, சுமார் 280 மீட்டர். மேலே ஏற்காட்டுப் பீடபூமி, சுமார் 1,500 மீட்டர். வளைகோடு வரையும் பெசியர் கருவியால் ஐந்தாறு இடத்தில் கிளிக் செய்தால் சரிவு வந்துவிடும். அடிவாரத்தில் வெளிறிய குன்று ஒன்றும் வரைந்தேன். வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' (சுண்ணக்கட்டிக் குன்றுகள்) என்று பெயர் வைத்தார்களே, அந்தக் குன்றுதான். அங்கே சுண்ணக்கட்டி எதுவும் கிடையாது; வெள்ளையாகத் தெரிவது மேக்னசைட் நரம்புகள்.

அச்சுப் பெயர் லேயரில் 'சேலம்', 'ஏற்காடு', உயர எண்கள், ஒரே ஒரு பாறைப் பெயர். மலையின் உடலான சார்னோகைட்டை நானே எழுதிவிடுகிறேன். அது அவர்கள் ஏற்கெனவே படித்தது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறையில் பதித்த கல்லை வைத்து ஹாலந்து என்ற நிலவியலாளர் இந்தப் பாறைக்குப் பெயரிட்டார் என்ற கதையைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம், தாளில் இடம் தேவையில்லை.

விடை லேயரில் மற்றதெல்லாம் வரும்: உச்சியில் தொப்பி போல பாக்சைட் நிழல், அடிவாரக் குன்றில் டுனைட் பாறை, அதைக் கிழித்துக்கொண்டு ஓடும் மேக்னசைட் நரம்புகள். பெயர்களை மாணவர் எழுத வேண்டிய இடங்களுக்கு உருவ லேயரிலிருந்தே ஒரு சுட்டுக்கோடும் அதன் முனையில் வெற்றுக் கோடும் வையுங்கள். சுட்டுக்கோடு எதையாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும் கோடு பிள்ளைகளைக் குழப்பும்.

லேயர் பெயருக்குப் பக்கத்தில் கண் போன்ற ஒரு குறி இருக்கும். 'விடை'யின் கண்ணை மூடிவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் மாணவர் படம். கண்ணைத் திறந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் ஆசிரியர் படம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வையுங்கள், கோடு பிசிறடிக்காது. இரண்டு படத்துக்கும் ஒரே ஃபைல்தான் மூலம் என்பதால் சரிவை மாற்றினால் இரண்டிலும் மாறும். நான் முதலில் இரண்டு தனி ஃபைல் வைத்திருந்து, ஒன்றில் திருத்திவிட்டு மற்றதில் மறந்து, மாணவர் தாளில் ஒன்றும் திரையில் வேறொன்றுமாக நின்றிருக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விடையை லேயரில் மறைக்காமல், அதன் மேல் வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்து மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாளில் தெரியாது. ஆனால் பிடிஎஃபில் அந்தத் தட்டச்சு எழுத்து அப்படியே உள்ளே கிடக்கும். மாணவர் முழுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் விடை வரிசையாக வந்து விழும். இங்க்ஸ்கேப்பின் மூல ஃபைலையும் மாணவர்களுக்கு அனுப்பாதீர்கள். மறைத்த லேயர் அதற்குள்தான் இருக்கிறது.

மாணவர் படத்தை ரைட்டரில் செருகி, மேலும் கீழும் வாக்கியங்களை அமைத்து, பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். படத்துக்கு அரைப் பக்கமாவது கொடுங்கள். தீப்பெட்டி அளவுப் படத்தில் யாராலும் நிழலிட முடியாது. 'பாக்சைட் ஏன் உச்சியில் மட்டும்?' என்பது போன்ற காரணக் கேள்விக்கு நான்கு வரி விடுங்கள். மழைநீர் பாறையைக் கரைத்துச் சிலிக்காவையும் மற்றவற்றையும் எடுத்துப்போகிறது, அலுமினியம் மிஞ்சுகிறது, சரிவில் அந்த மிச்சமும் அரித்துப்போகும், சமதளமான உச்சியில்தான் தங்கும். இதைச் சொந்த வாக்கியத்தில் எழுத நான்கு வரி சரியாக இருக்கும்.

ஜெராக்ஸ் கடைக்குப் போகும் முன்

மாணவர்களில் பாதிப் பேராவது தாளில்தான் எழுதுவார்கள், அதுதான் நல்லதும். எனவே உங்கள் குறிப்பு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் எப்படி விழும் என்பதுதான் முக்கியம், திரையில் எப்படித் தெரிகிறது என்பது அடுத்தபட்சம்.

திரையில் அழகாக இருக்கட்டும் என்று நிரப்பும் கோடுகளை வெளிர் சாம்பலில் வைத்திருந்தேன். கடை அண்ணன் அறுபது காப்பி போட்டுக் கட்டிக் கொடுத்தார். வகுப்பில் பிரித்தால் கோடே இல்லை! வாக்கியங்களுக்கு நடுவே வெறும் ஓட்டைகள். சுட்டுக்கோடுகளும் காணோம், எந்தப் பெயரை எங்கே எழுதுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று மாலை அதே அண்ணனிடம் போனபோது, 'மாஸ்டர்லயே மங்கலா இருக்கு மேடம், மிஷின் எப்படி எடுக்கும்?' என்றார். அன்றிலிருந்து எல்லாக் கோடும் முழுக் கறுப்பு, தடிமன் 0.3 மில்லிமீட்டருக்குக் குறையாது. வேறுபாடு காட்ட வேண்டுமென்றால் நிறத்தை மாற்றாமல், இடைவெளி விட்டு வரும் துண்டுக் கோடாக்குகிறேன். சிவப்பும் நீலமும் ஜெராக்ஸில் ஒரே சாம்பல்தான்.

இடப்பக்கம் 25 மில்லிமீட்டர் ஓரம் விடுங்கள். பஞ்ச் போட்டு ஃபைலில் கோக்கும்போது எழுத்து ஓட்டையில் போகாது. மற்ற மூன்று பக்கமும் 10 மில்லிமீட்டராவது இருக்கட்டும், மிஷின் விளிம்பை வெட்டும். மெல்லிய தாளில் ஜெல் பேனா மறுபக்கம் தெரியும், பால்பாயின்ட் பேனாவில் எழுதச் சொல்லிவிடுங்கள். மொத்தமாகப் போடும் முன் ஒரே ஒரு காப்பி எடுத்து, அதில் நீங்களே பேனாவால் எல்லா இடத்தையும் நிரப்பிப் பாருங்கள். இந்த ஐந்து நிமிடத்தைச் சுருக்காதீர்கள். இடம் பற்றாத கோடு, விடைக்கு முன்பே விடையைச் சொல்லிவிடும் வாக்கியம், எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

வகுப்பில்

மாணவர் பிடிஎஃபை ஸர்னலில் திறக்க, ஃபைல் மெனுவில் 'அனோடேட் பிடிஎஃப்' என்ற வரி இருக்கும். திறக்கும் பெட்டியிலேயே பிடிஎஃபை ஃபைலோடு இணைத்துக்கொள்ளும் தேர்வும் இருக்கும், அதில் டிக் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் பிடிஎஃப் இருக்கும் இடத்தை மட்டுமே ஸர்னல் நினைவில் வைத்துக்கொள்ளும். பென் டிரைவில் உங்கள் எழுத்து மட்டும் போய்ச் சேரும், கீழே இருந்த குறிப்பு வராது.

ப்ரொஜெக்டர் இணைத்ததும் பேனாவைச் சோதியுங்கள். திரையை நீட்டிக்கும் முறையில் இணைத்தால், டேப்லெட்டின் பரப்பு மடிக்கணினித் திரை, ப்ரொஜெக்டர் திரை இரண்டுக்குமாகப் பங்கு போடப்படும். நீங்கள் 'பாறை' என்று எழுதினால் அது ரப்பர் போல இழுபட்டு விழும், பலகையின் வலப்பக்கம் தொட்டால் பேனா வேறு திரைக்கு ஓடிவிடும். டேப்லெட்டின் அமைப்பில் போய் ஒரு திரைக்கு மட்டும் என்று மாற்ற வேண்டும். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தைப் பலகைமேல் வைத்து அதைச் சுற்றி வரையுங்கள். திரையில் வட்டமாக வந்தால் சரி. முட்டையாக வந்தால் திரையின் அகல உயர விகிதமும் பலகையின் விகிதமும் பொருந்தவில்லை. விகிதத்தைக் காப்பாற்றும் தேர்வு அதே அமைப்பில் இருக்கும். மணி அடிப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

பேனாவின் அழுத்த உணர்வை அணைத்துவிடுவது என் வழக்கம். மெல்லியதும் தடித்ததுமாக வரும் எழுத்து பக்கத்தில் பார்க்க அழகு, கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. அச்சு கறுப்பு, என் கையெழுத்து அடர் நீலம். எது தாளில் இருந்தது, எது வகுப்பில் வந்தது என்று பின்னால் பார்க்கிறவருக்கும் புரியும்.

நிரப்புவதில் ஒரு ஒழுங்கு வேண்டும். நான் கேள்வியைக் கேட்பேன். அவர்கள் முதலில் பென்சிலால் தங்கள் விடையை எழுதுவார்கள். ஒரு நிமிடம் அமைதி. அந்த ஒரு நிமிடம் ஆசிரியருக்கு நீளமாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மூன்று பேரை வாசிக்கச் சொல்லி, அதற்கப்புறம்தான் திரையில் என் பேனா இறங்கும். ஆசிரியர் முதலில் எழுதிவிட்டால் மறுபடி அது பார்த்து எழுதுவதாகிவிடும், இத்தனை வேலையும் வீண்.

பகிர்வது

வகுப்புக்கு முந்தைய மாலையே காலித் தாளின் பிடிஎஃபை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பக்கத்தைப் படமாக்கி ஃபோட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், மெல்லிய கோடுகள் கரையும். மலை கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சிக்னல் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. ஃபைல் 2 எம்பிக்குள் இருந்தால் அவர்களுக்கும் இறங்கும். செல்போனில் எடுத்த பாறைப் புகைப்படங்களை அப்படியே செருகியிருந்தால்தான் ஃபைல் வீங்கும், சிறிதாக்கிவிட்டுச் செருகுங்கள்.

குரூப்பில் போட்டது இரண்டு நாளில் மேலே போய் மறைந்துவிடும். அதனால் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் வைத்து, பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து, இணைப்பைக் குரூப்பின் விவரத்தில் போட்டு வைத்திருக்கிறேன். பிழை கண்டால் புது ஃபைல் போடாமல், பழைய ஃபைலின் பதிப்பை மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள்; இணைப்பு மாறாது. பெயர் '07_பாக்சைட்_காலி', '07_பாக்சைட்_முழு' என்ற வடிவில் இருக்கட்டும். எண் முன்னால் வந்தால் வரிசை தானாக அமையும்.

நிரப்பிய முழுத் தாளை எப்போது கொடுப்பது என்பதில் ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அன்றே கொடுத்தால் வகுப்புக்கு வர மாட்டார்கள் என்பார்கள் சிலர். கொடுக்கவே கூடாது என்பார்கள் சிலர். நான் வெள்ளிக்கிழமை மாலை அந்த வாரத்துத் தாள்களை மொத்தமாகப் போடுகிறேன். பஸ் தவறி வராமல் போனவர் அதுவரை பக்கத்து மாணவரிடம் கேட்டு நிரப்பியிருப்பார், பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். இதற்கு விலக்கு உண்டு. காது சரியாகக் கேட்காத பிள்ளை, கை வலியால் வேகமாக எழுத முடியாத பிள்ளை, கண் பார்வை குறைந்த பிள்ளை ஆகியோருக்கு முழுத் தாளை வகுப்புக்கு முன்பே, பெரிய எழுத்தில், தனியாகக் கொடுத்துவிட வேண்டும். மற்றவர் முன்னால் கொடுக்காதீர்கள்.

இணையத்திலிருந்து எடுத்த படங்களைக் குறிப்பில் ஒட்டும் முன் அதன் உரிமத்தைப் பாருங்கள். விக்கிமீடியா பொதுவகத்தில் எடுத்தால் வரைந்தவர் பெயரைப் படத்துக்குக் கீழே போடுங்கள். நீங்கள் வரைந்ததை மற்ற ஆசிரியர்கள் மாற்றிப் பயன்படுத்த விரும்பினால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று கடைசி வரியில் எழுதி, இங்க்ஸ்கேப் மூல ஃபைலை அவர்களுக்கு மட்டும் கொடுங்கள். ஒரு ஊரில் ஐந்து பேர் ஆளுக்குப் பத்துத் தாள் செய்தால் ஒரு பருவத்துக்கான குறிப்பு தயாராகிவிடும்.

திருத்தம்

பாடம் முடிந்ததும் ஐந்து மாணவர்களின் தாளைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் நன்றாக எழுதுகிறவர்களாக இருக்கக் கூடாது. எந்தக் கோடு காலியாக நிற்கிறது, எது எல்லோருக்கும் ஒரே மாதிரித் தவறாகிறது என்று பாருங்கள்.

போன வருடம் மேக்னசைட் நரம்புகளை ஐவரும் கிடைமட்டமாக, வரிசையாக, கட்டடத்துச் செங்கல் போல வரைந்திருந்தார்கள். உண்மையில் அவை டுனைட்டில் விரிசல் விட்ட திசையெல்லாம் கிளை பிரிந்து ஓடும். கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் அந்த விரிசல் வழியேதான் போய் வேலை செய்தது. பிள்ளைகள்மேல் தப்பில்லை. படத்தில் நான் விட்டிருந்த பெட்டி அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருந்தது, அந்த இடத்தில் வேறு எப்படியும் வரைய வராது. இந்த வருடத் தாளில் பெட்டியைச் சதுரமாக்கி, ஒரே ஒரு விரிசலை மட்டும் நானே கோணலாக வரைந்து, 'மீதியை நீங்கள் வரையுங்கள்' என்று எழுதியிருக்கிறேன்.